உப்புத் தண்ணீரில் மூன்று கத்திகள்

மார்ச் 10, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. இன்டர்னல் விடைத்தாள் கட்டு பாதிகூடத் திருத்தவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஸ்டெல்லாவின் மெசேஜ். ஸ்கூபா டைவிங்கில் என்னோடு கடலில் இறங்குகிறவள். ஞாயிறு புதுச்சேரி, பத்து மணிப் படகு. அதே பாறை, அதே வலை. மீதியை வெட்டி எடுத்துவிட வேண்டுமாம். கீழே ஒரு வரி: "நல்ல கத்தி இல்லாம தண்ணிக்குள்ள எறங்காத."

பதில் போடவில்லை.

போன மாதம் நடந்ததை எங்கேயும் எழுதவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பதினோரு மீட்டர் ஆழம். மீன்பிடிப் படகு ஏதோ விட்டுப்போன நைலான் வலை, பாறை முழுக்க. ஸ்டெல்லா வெட்ட, நான் சுருட்ட. பின்னால் நகர்ந்தபோது முதுகு சிலிண்டர் வலையில் மாட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்தியை உருவினேன், வரவில்லை. உறைக்குள்ளேயே துருவேறி இறுகியிருந்தது. ஒரு வழியாக வந்ததும் அறுத்தேன், அறுத்தேன். வலை கத்தியோடு போனது, கத்தியோடு வந்தது. ஒரு இழை அறவில்லை. மூச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்து, வந்து வெட்டிவிட்டாள். மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா?

வீட்டில் சொன்னது: ஆமை பார்த்தேன். அதுவும் பொய் இல்லை.

இந்த ஞாயிறு இறங்காவிட்டால் இனி இறங்கவே மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 11, புதன்

முன்பே ஆர்டர் போட்டிருந்த கத்திகள், பார்சல் இரண்டும் கல்லூரி முகவரிக்கு வந்தன. ஸ்டாஃப் ரூமில் பிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து வீட்டுக்கு.

க.1: 420 ஸ்டீல். கூர் முனை. காகிதத்தில் வைத்தாலே கிழிகிறது. விலை குறைவு.
க.2: 304 ஸ்டீல். ஸ்டெல்லா பார்க்கக் கொடுத்தது. துருப் பிடிக்காது, சீக்கிரம் மழுங்கும்.
க.3: டைட்டானியம். கையில் எடையே தெரியவில்லை. மொட்டை முனை, ஒரு ஓரம் பல் பல்லாக. விலையை இங்கேகூட எழுத மாட்டேன்.

மூன்றையும் இரும்புக்கடை பாயிடம் காட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். மேஜையிலிருந்து காந்தத்தை எடுத்தார். க.1 'டக்'கென்று ஒட்டியது. மற்ற இரண்டும் ஒட்டவில்லை. "ஸ்டெயின்லெஸ்னு பேர் வெட்டிட்டா ஆச்சா டீச்சர்மா? காந்தம் இப்பிடிப் புடிக்கிறத உப்பு தின்னுடும்."

காந்தத்தை மட்டும் நம்பி உயிரை விட முடியாது. சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்பு, மூன்று எவர்சில்வர் டம்ளர், மூன்று கத்தி. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாயிற்று. இரண்டு நாள் கிடக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

வகுப்பில் மீன்களின் சுவாசம். செவுள் படம் போடும்போது என் மூச்சை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். கேஸ் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

நாலரைக்குத் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். உள்ளே கூடத்தின் நடுவில் மூன்று டம்ளர்கள், சுற்றிலும் வேப்பிலை. வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவ அத்தை, இவருடைய அம்மா, டிரம்மை நகர்த்தியிருக்கிறார்.

"மூணு டம்ளரு, மூணு கத்தி, உப்புத் தண்ணி. எவளோ உள்ள பூந்து வெச்சுட்டுப் போயிக்கிறா. எனக்கு மாரு படபடன்னு அடிச்சுக்கினு இருக்குது."

எவளோ இல்லை, எதிர்வீட்டுக்காரிதான் என்று முடிவே ஆகிவிட்டது. சாக்கடைத் தகராறு இருக்கிறதே. வாசலில் நின்று அவளைத் திட்டியும் தீர்த்திருக்கிறார். சூனியம் எடுக்கிறவருக்கு இவர் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்தான் வைத்தேன் என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? யாருக்குடி வெச்ச?"

அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. வலை, சிலிண்டர், வராத கத்தி. இவர் போனை அணைத்துவிட்டுத் தறிமரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"எப்போ?"

"போன மாசம்."

"ஆமை பாத்தேன்னு சொன்ன."

"பாத்தேங்க."

வெளியே போனார், வந்தார். ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது என்றார். போவேன் என்றேன். ஹாஸ்டலில் இருக்கிற நம் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். நானும் சத்தம் போட்டேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் இப்படிச் சண்டை போட்டதில்லை. அவரவர் தட்டை அவரவர் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அந்த அமளியிலும் பார்த்துவிட்டேன். க.1: பிடியோரத்தில் செம்புள்ளிகள், ஏழெட்டு. க.2, க.3: சுத்தம்.

மார்ச் 14, சனி

அத்தை எதிர்வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. காய் திரும்பியும் வரவில்லை.

மதியம். அன்றைக்கு வெட்டிய வலையில் ஒரு முழம் என் பையில் இருந்தது. அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, கண்ணை மூடி, க.3ஆல் அறுத்தேன். போனது, வந்தது. போனது, வந்தது. அதே மாதிரி. இவ்வளவு விலை கொடுத்தும் அதே மாதிரி. உள்ளங்கை வியர்த்து, பிடி வழுக்கி, இங்கே வீட்டில் நின்றுகொண்டே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

தறிக்குழியிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ, எழுந்து வந்தார்.

"தொளதொளன்னு உட்டுட்டு அறுத்தா எப்பிடி அறும்?"

இடது கையால் இரண்டு கண்ணியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தார். நைலான் விறைத்து நின்றது. "இழ வெறப்பா நிக்கணும். அப்புறம் கத்திய வெச்சாப் போதும்." வைத்தார். அறுந்தது.

பட்டிழை முனையை இவர் கத்தரிப்பதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். வலது கையைத்தான் பார்த்திருக்கிறேன். இடது கையைப் பார்த்ததே இல்லை.

ஐந்து தடவை செய்தேன். பிறகு கண்ணை மூடி. பிறகு என் கழுத்துக்குப் பின்னால் வலையை அவர் பிடித்துக்கொள்ள, தடவித் தேடி, இழுத்து, வைத்து. அறுந்தது.

க.3தான். துரு இல்லை, அதனால் உறையிலிருந்து வரும். மொட்டை முனை, அதனால் தடுமாறினாலும் சிலிண்டரிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் குத்தாது. ஓரம் ஸ்டீலைவிடச் சீக்கிரம் மழுங்குமாம், ஆனால் பல் தாங்கும். காலில் வேண்டாம், இரண்டு கையும் எட்டுகிற மாதிரி நெஞ்சுப் பட்டையில்.

போ என்று சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது.

கிளம்பும்போது அத்தை நெற்றியில் திருநீறு பூசினார். கடலில் கரைந்துவிடும் என்று தெரிந்தும் அழுத்திப் பூசினார். இவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையைத் துழாவினேன். கத்தி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற இவர் தன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார்.

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுக்க வேண்டும். இல்லையென்றால் சண்டை வரும். இந்த இருபது வருடத்தில் அரிவாள்மணையைக்கூட இவர் என் கையில் கொடுத்ததில்லை. பிடி என் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார்.

வைக்க இடமில்லையே என்றேன்.

"சண்டதான் போட்டாச்சே. புடி."

வாங்கிக்கொண்டேன். பஸ் எடுத்துவிட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்குப் பதில் போட்டாயிற்று: எறங்குறேன். உத்திரமேரூர் வரப்போகிறது. கத்தியை இன்னும் பையில் வைக்கவில்லை.