சிவப்புப் புள்ளி வைத்த மூடி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கத்திரி முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊறுகாய் பாட்டில் ஒன்று காலி. லேபிளை வெந்நீரில் ஊறப்போட்டேன். தாள் வந்துவிட்டது, பசை வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவி, நார் போட்டுத் தேய்த்து, பத்து நிமிஷம். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிடலாமே கிளோரி" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்கிறார். இருபத்திரண்டு வருஷமாக வாங்கியும் வரவில்லை.

கையிருப்பு:
ஊறுகாய் பாட்டில், அகல வாய் – 11
ஜாம் பாட்டில் – 3 (ஒன்றுக்கு மூடி நசுங்கல்)
காபித்தூள் பாட்டில் – 2. பஸ்ஸில் காபி குடிக்க. ஒன்று எனக்கு, ஒன்று மாலதிக்கு. சூடு தெரியாமலிருக்க இரண்டுக்கும் இவருடைய பழைய சாக்ஸ் உறை. துவைத்ததுதான்.

கேம்ப் ரோடில் கம்பெனி பஸ் 7.10. ஏறும்போது டிரைவர், "இன்னாக்கா, காலங்காத்தாலயே பாட்டிலத் தூக்கினு வந்துட்ட?" தினமும் இதே ஜோக். தினமும் பஸ் சிரிக்கிறது.

சிறுசேரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். மேடவாக்கம் தாண்டும்வரை பாட்டிலைத் திறக்கக்கூடாது. அந்த ரோட்டுக் குழிகளில் திறந்தால் புடவை போச்சு. மாலதி ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஒன்பது வருஷமாக அதே சீட், அதே ரெக்கார்ட்ஸ் பிரிவு, அடுத்தடுத்த மேஜை.

அவள் மாமியாருக்கு உப்பு நார்த்தங்காய் போட்டு வைக்கக் கண்ணாடி பாட்டில் நாலு வேண்டுமாம். பிளாஸ்டிக் ஆகாதாம். தருகிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அம்மா லேசில் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஜூன் 11, புதன்

கருவாட்டு நாள். நெத்திலித் தொக்கு. இரண்டு பாட்டில். அடியில் சோறு, மேலே தொக்கு, நடுவில் வெந்த முட்டை பாதிப் பாதி. இரண்டுக்கும் புள்ளி மூடி.

(புள்ளி மூடி என் கண்டுபிடிப்பு. கடைப் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குச் சிவப்புப் புள்ளி போடுகிறார்களே, அந்தக் கணக்குதான். நகப்பூச்சால் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு. கண்ணாடியில் வாடை நிற்காது. மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தில் நிற்கும். எலுமிச்சைத் தோல் தேய்த்தாயிற்று, மூன்று நாள் வெயிலில் போட்டாயிற்று. போகாது. அந்த மூடிகள் வேறு எதற்கும் எடுக்கக்கூடாது.)

மாலதி பிறந்தது பல்லாவரத்தில், வாரத்தில் மூன்று நாள் மீன் வாங்குகிற வீட்டில். காதல் கல்யாணம். புகுந்த வீடு சுத்த சைவம். இனிமேல் தொடமாட்டேன் என்று பூஜை அறையில் மாமியார் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்துத்தான் சிட்லபாக்கம் வீட்டுக்குள் போனாள். பதினாறு வருஷம் தொடவில்லை. ஏப்ரலில் ஒருநாள் என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாய் குடுடி" என்றாள். வேணாம்டி என்றேன். பாட்டிலை அவளே இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுதாள். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் அவளுக்கும் ஒரு பாட்டில். செவ்வாய், வெள்ளி கூடாதாம். "சாமி கோச்சுக்கும்டி." புதனன்று கோபித்துக்கொள்ளாத சாமி!

இன்று மூடியை விரலால் வழித்துத் தின்றாள். எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் பிரிவு ரேவதி, "அக்கா, மூடியையாவது மிச்சம் வையுங்க" என்று கிண்டல். பேன்ட்ரி சிங்க்கில் எல்லா பாட்டிலையும் மாலதியே கழுவினாள். மாமியாருக்கான நாலு பாட்டிலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வெந்நீரில் போட்டெடுத்தவை. மூடியெல்லாம் புள்ளி இல்லாதவை. நானே பார்த்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் புள்ளி மூடிகளில் ஒன்றைக் காணோம். பேன்ட்ரியில் விட்டிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

மாலதி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவள் காபியையும் நானே குடித்தேன். ஃபோன் எடுக்கவில்லை. மெசேஜுக்கு நீல டிக் மட்டும்.

சாயங்காலம் மழை. செம்பாக்கம் ஏரி ஓரம் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.

உளுந்து தீர்ந்துவிட்டது. கேஸ் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 14, சனி

மாலதி பேசினாள். குளியலறையில் இருந்து. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

நடந்தது இது. புதனன்று சிங்க்கில், நான் கொடுத்த மூடிகளில் ஒன்று சரியாகத் திருகவில்லையாம். பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த புள்ளி மூடியை எடுத்துப் போட்டிருக்கிறாள். "கழுவிட்டேன்ல, என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்டி." மாமியார் அன்று சாயங்காலமே நார்த்தங்காயை நிரப்பி வைத்துவிட்டார். வியாழன் காலையில் திறந்தால் வாடை. மூடியைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புப் புள்ளி. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் புள்ளி பார்க்காமல் வாங்காத மனுஷி அவர். அவருக்கு விளக்கவா வேண்டும்?

நாலு பாட்டில் நார்த்தங்காயும் குப்பைக்கு. அடுக்களை முழுக்கக் கழுவிவிட்டிருக்கிறார். மாலதி சமைத்ததைத் தொடவில்லை. நேற்று அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே பாட்டில் எதுவும் இல்லை, ஆனால் பையின் அடியில் வாடை. கை துடைத்த கைக்குட்டையைப் புதன்தோறும் அதில்தான் திணிப்பாள்.

"கிளோரி, நீ ஒரே ஒரு தடவ அவங்ககிட்ட பேசு. மூடி மாறிடுச்சு, உன் தப்புன்னு சொல்லிடு. உனக்கென்னடி, உங்க வீட்ல யார் கேக்கப்போறா? இங்க என் வாழ்க்கையே போயிடும்."

மாறியது அவள் கையால். இருந்தாலும் சரி என்றேன். அவள் அழுவதைக் கேட்க முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

வெயில் மறுபடி.

மாலதி பஸ்ஸில் வந்தாள். முகம் வீங்கி. காபியை வாங்கிக் குடித்தாள். மதியம் பார்க்கிங் பக்கம் போனோம். என் ஃபோனிலிருந்து பேசுகிறேன் என்றேன். வேண்டாம், தன் நம்பரென்றால்தான் எடுப்பார்கள் என்று அவளுடையதைக் கொடுத்தாள்.

முதலில் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். மூடி மாறிப்போச்சும்மா, என் தப்பு, மன்னிச்சுக்கோங்க. அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அது சரிம்மா. இவ பையில அடிக்கிற வாடை ஒருநாள் வாடை இல்லையே. நீ எதையாவது இவளுக்குக் குடுத்தியா?"

மாலதியைப் பார்த்தேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். செக்யூரிட்டி வேறு பார்க்கிறான். வாய் என்னையறியாமல் சொல்லிவிட்டது.

"ஆமாம்மா. நான்தான் குடுத்தேன். என்னன்னு சொல்லாம குடுத்துட்டேன். அவளுக்குத் தெரியாது."

அப்புறம், "உன்ன என் பொண்ணு மாதிரி நெனச்சேன்" என்றார். வைத்துவிட்டார்.

மாலதி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்டி." நடந்து திரும்பும்போது வேறு கட்டிடத்தின் படியில் ஏறிவிட்டேன். பொய் சொன்னதாலா, அந்த அம்மாவின் குரலாலா, தெரியவில்லை. ராத்திரி ஜெபத்தில் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாலதி பஸ்ஸில் முன் சீட்டில். கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் கண்டக்டர் சீட் மாதிரி ஒன்று இருக்குமே, அதில். "தல சுத்துது, முன்னாடி உக்காந்தா பரவால்ல" என்றாள். அவள் காபி பாட்டில் என் மடியிலேயே ஆறிப்போனது.

பால்காரரிடம் நாளை ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 18, புதன்

கருவாடு வைக்கவில்லை. தயிர் சோறு. ஜாம் பாட்டிலில்.

சாப்பிடப் போனால் எங்கள் மேஜையில் மாலதி இல்லை. ரேவதி மட்டும். அவளுக்கு ஒரு ஸ்பூன் தயிர் சோறு வைக்கப்போனேன். டப்பாவை மூடிக்கொண்டாள். "இல்லக்கா, வயிறு சரியில்ல." டப்பாவுக்குள் புளியோதரை மலைபோல் இருக்கிறது. இதுவா வயிறு சரியில்லாத சாப்பாடு?

மூன்று மணிக்கு எச்.ஆரிலிருந்து மெயில். சக ஊழியர் ஒருவரின் உணவு நம்பிக்கை தெரிந்திருந்தும் ஏமாற்றி அசைவம் கொடுத்ததாக என்மேல் புகார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. புகார் கொடுத்தவர் பெயர் மாலதி. கூடவே ஸ்கேன் செய்த புகார்க் கடிதம், கீழே அவள் கையெழுத்து. 'ம'வுக்குப் பெரிய சுழி போடுவாள். என் பிறந்தநாள் அட்டைகளில் ஒன்பது தடவை பார்த்த சுழி.

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் ஃபைல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் அவள் மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். தலை நிமிரவில்லை.

வேலை போகாது என்கிறார்கள். வேறு கட்டிடத்துக்கு மாற்றலாம், எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அதுவல்ல. நம்பிச் சாப்பிடுகிறவளுக்குத் தெரியாமல் கருவாட்டைப் போடுகிறவள் என்று பேர் வந்துவிட்டால், இனி இந்தக் கம்பெனியில் யார் என் கையால் ஒரு வாய் வாங்குவார்கள்? நான் பத்துப் பேருக்குக் கொடுத்துச் சாப்பிட்டே பழகியவள். அந்தப் பேரை எந்த வெயிலில் போட்டுக் காயவைப்பது?

ஜூன் 19, வியாழன்

மாலதியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மூன்று தடவை கேட்டேன். "தப்பா நெனக்காதடி. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து எழுத வெச்சார். நீதான் சொன்னன்னு ஆயிடுச்சுல்ல, அப்டியே விட்டுடு. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் விசாரிச்சுட்டேன்."

விசாரித்துவிட்டாளாம்! எனக்கு எவ்வளவு தாங்கும் என்று.

அப்புறம் பார்த்தால், அழித்துவிட்டாள். 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.'

ரேவதியைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மடக்கினேன். நீ பார்த்தாய்தானே, அவளே கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டதை. மூடியை வழித்ததை. நாளைக்கு வந்து அதை மட்டும் சொல் என்றேன்.

"பார்த்தேன்க்கா. ஆனா எனக்கு எதுக்குக்கா இந்தப் பேஜாரு? அவங்க வீட்டு விஷயம். நாளைக்கு நான் அவங்க மூஞ்சில முழிக்கணும்ல."

என் மூஞ்சியில் முழிக்க வேண்டாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். "உண்மைய சொல்லிடு. அவ குடும்பத்த அவ பாத்துப்பா." சரி. சொல்லிவிடுவேன். பதினாறு வருஷச் சத்தியத்தை அவள் உடைத்தாள், தண்டனை எனக்கா? சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மேகமூட்டம். தூறல் இல்லை. காபி போடவில்லை. டிரைவர், "இன்னாக்கா, இன்னிக்கு பாட்டில் லீவா?" யாரும் சிரிக்கவில்லை. தெரிந்திருக்கிறது எல்லோருக்கும்.

கண்ணாடி போட்ட சின்ன அறை. எச்.ஆர். மேடம் சின்னப்பெண், முப்பதுகூட இருக்காது. எதிரே மாலதி. நான் கொடுத்த பச்சைப் புடவையில். வேண்டுமென்று கட்டினாளா, கைக்கு வந்ததைக் கட்டினாளா?

நான் நேராகச் சொன்னேன். ஏமாற்றவில்லை, அவளே கேட்டாள், ஏப்ரலிலிருந்து புதன்தோறும் தெரிந்தேதான் சாப்பிட்டாள், மூடியை மாற்றியதும் அவள்தான். மேடம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் அடித்துக்கொண்டாள். மாலதியிடம் திரும்பினாள். "இது உண்மையா மேடம்?"

"இல்ல" என்றாள் மாலதி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அப்புறம் அந்த எச்.ஆர். பெண் தன் ஃபோனை மேஜையில் வைத்து ஒன்றைத் தட்டினாள். என் குரல். 'நான்தான் குடுத்தேன். என்னன்னு சொல்லாம குடுத்துட்டேன். அவளுக்குத் தெரியாது.' பின்னால் பார்க்கிங்கில் ஒரு வண்டியின் ஹாரன். பேசியது மாலதியின் ஃபோனில். பதிவானதும் அதில்தான். அன்று கூப்பிய கையோடு நின்றாளே, அப்போதே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குமேல் எனக்கு அவளைப் பார்க்கத் தோன்றவில்லை.

"இது உங்க வாய்ஸ்தானே மேடம்?"

"ஆமா."

"நீங்க செய்யலன்னா, செஞ்சேன்னு ஏன் சொன்னீங்க?"

"அவ சொல்லச் சொன்னா. என் சிநேகிதி. அதனால சொன்னேன்."

டைப் அடித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அத ரீசன்னு போட முடியாது மேடம். ஃபார்ம்ல தனியா ஒரு கட்டம் இருக்கு. மிரட்டினாங்க, பயந்துட்டேன், அப்டி ஏதாவது இருந்தா சொல்லுங்க, போடறேன்."

யோசித்துப் பார்த்தேன். மிரட்டவில்லை. பயப்படவும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.