வடிவு படிக்கும் கண்ணாடியும் சம்பந்தியின் பல்செட்டும்

தூத்துக்குடி,
20-9-1986

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இருமலைத் தவிர எல்லாம் நலம், அங்கே உன் நலத்தோடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் சேர்த்து எழுது. அமெரிக்காவில் குளிர் ஆரம்பித்திருக்குமே, தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உனக்குப் பேசியிருக்கும் பையனின் தகப்பனார், ஆறுமுகநேரி சங்கரபாண்டியன் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை வந்தார். உனக்குப் பையனைப் பிடித்திருக்கிறது, பையனும் உன் படிப்பு முடியும்வரை காத்திருக்கிறேன் என்கிறான், இவர்தான் தையிலேயே கல்யாணம், படிப்பை நிறுத்திவிட்டு வரட்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இனிப்பைக் கொடுத்தாவது மனசை மாற்றலாம் என்று காலையிலேயே கடலை மிட்டாய்க்குக் கருப்பட்டிப் பாகு வைத்தேன். உன் அப்பா அடுப்படியில் நின்று நீ படிக்கும் கண்ணாடிப் படிப்பைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். திரவம் ஆற ஆற அதன் துகள்கள் மெதுவாகுமாம், சட்டென்று குளிர்ந்தால் கற்கண்டு மாதிரி வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளுமாம், அதுதான் கண்ணாடியாம். திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்தில் நாம் அசைய முடியாமல் நின்ற மாதிரி என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டுச் சிரித்ததில் பாகின் பதம் தப்பிவிட்டது. கடலை போடவும் மறந்து தட்டில் கொட்டினேன், ஆறியபின் தட்டினால் கண்ணாடி மாதிரியே ணங்கென்கிறது.

அண்ணாச்சி உட்கார்ந்ததும், கண்ணாடியப் பத்திப் படிக்க என்ன கெடக்கு, கடையில வாங்குனாப் போதாதா என்று ஆரம்பித்தார். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்து, இதுதான் அண்ணாச்சி எம் மவ படிப்பு, வாயில போட்டுப் பாருங்க என்று அந்தப் பாகுத் துண்டையே நீட்டிவிட்டார். வாய்ச் சூட்டில் அது இளகி, மேல் பல்செட்டையும் கீழ்ப் பல்செட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மனிதரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. விட்டால் பிடிக்க முடியாது என்று நான் வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்து, ரெண்டு வருசம் பொறுக்கலாமா அண்ணாச்சி என்று கேட்டேன். பல்லைப் பிரிக்கிற பாட்டில் அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் தலையாட்டினால் அது வாக்குத்தானே, உன் அப்பா உடனே தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வெந்நீரில் கொப்பளித்துப் பல்லைப் பிரித்த பிறகு திட்டப்போகிறார் என்று நான் கதவோரம் நின்றேன். தட்டு முன்னால ஆட்டுன தலைய இனி மாத்த முடியாது தங்கச்சி, பிள்ள படிச்சி முடிச்சிட்டே வரட்டும், ஆனா இந்தப் பாகு வைக்க மட்டும் ஒங்கிட்டப் படிக்க வேண்டாம்னு எழுதிப் போடு என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

முருகன் உனக்குத் துணையிருப்பான், நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சொன்ன ரெண்டு வருஷத்துக்குள் முடித்துவிடு. மறுபடியும் தவணை கேட்க வழியில்லை, இனி அண்ணாச்சி நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டார்.

எந்நேரமும் உன் நினைவாக இருக்கும்
அம்மா தங்கத்தாய்