ஹின்ரிக் சுத்தம் செய்த வாய்க்கால்

ஹாசெவேடே,
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள விப்கேவுக்கு அப்பா எழுதுவது. வயிற்றில் தைத்த இடம் ஆறிவிட்டது, நாயும் ஆடுகளும் சுகம், வெயில் காயும் அந்த விண்ட்ஹுக்கில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரீகேயும் சுகம் என்றே எண்ணி இதை எழுதுகிறேன். இந்த வருடம் குட்டிகள் பெரும்பாலும் இரட்டை, கிடா மட்டும் ஒரு கால் நொண்டுகிறது. கூரையின் வடபக்கத்தில் நாணல் மாற்ற வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. பாதிரியார் மாறிவிட்டார், புதியவர் சீக்கிரம் பேசி முடிக்கிறார், அது ஒன்றுதான் நல்ல செய்தி.

போன வாரம் நீ தொலைபேசியில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "பித்தப்பைய எடுத்த கையோட ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடி வர்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாம்ப்பா" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது, அறுந்ததும் நல்லதுதான், போனில் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், எழுதினால் நியாயம் வரும். அடுத்த வீட்டு மேட்டா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள், மீதிப் பாதியில் அவள் புருஷன் ஹின்ரிக் இருக்கிறான் அல்லவா. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு அப்பால் இயற்கைக் காப்பகத்தின் சேற்றுநிலம் தொடங்குகிறது. அந்த வாய்க்கால் சுத்தமாக இருக்கிற வரைக்கும் அது சேற்றின் தண்ணீரை உறிஞ்சிக் கால்வாய்க்குக் கொண்டுபோகும், சேறு காயும், சேற்றை வளர்க்கும் பாசி சாகும், பிர்ச் மரக்கன்று முளைக்கும், பிறகு குளிர்காலம் முழுக்க நாங்களே போய் அதை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகத்தான் காப்பக அதிகாரி அன்ட்யே லிண்ட்ஹோர்ஸ்ட் வருடக்கணக்காக என் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், வாய்க்காலை அடைக்க விடுங்கள், கீழ்ப் புல்வெளியை நனைய விடுங்கள் என்று. நானும் வருடக்கணக்காக முடியாது என்றேன். ஊர் மதுவிடுதியில் மேசையைத் தட்டிச் சொன்னேன், என் உயிர் இருக்கும்வரை ஒரு பலகை அந்த வாய்க்காலில் விழாது என்று. போன வசந்தத்தில் ஒரு ஜோடி பெருங்கொக்கு வந்தது. நடுக்குளத்தில் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தன, தண்ணீர் முழங்கால்கூட இல்லை, நரி நடந்தே போகலாம், கூடு கட்டாமல் போய்விட்டன. நான் பிறந்ததிலிருந்து இந்தச் சேற்றில் பெருங்கொக்கு கூடு கட்டியதில்லை. இலையுதிர் காலம் முடிந்ததும் அன்ட்யேவைக் கூப்பிட்டு, பறவைக்காகச் செய்கிறேன், உன் அலுவலகத்துக்காக இல்லை என்று சொல்லிவிட்டு, நானே ஓக் பலகை அறுத்து வாய்க்காலின் குறுக்கே மடை போட்டேன். புல்வெளி பற்றிப் பேசக்கூடாது என்றும் சொன்னேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், என் வாய்க்கால், என் பலகை.

மார்ச் மாதம் பெருங்கொக்கு திரும்ப வந்தது. ஆண் சேற்றுத் தவளைகள் இணைதேடி நீலநிறமாகிக் கத்திக்கொண்டிருந்த வாரம். நடுக்குளத்தில் நாணலைக் குவித்துக் கூடு கட்டி ஒன்று மாற்றி ஒன்று உட்கார்ந்தது. அப்போது பார்த்து எனக்குப் பித்தப்பை.

வசந்தத்தில் ஊரே வரிசையாக நடந்து வாய்க்கால் பார்க்கும் நாள் உனக்கு நினைவிருக்கும். எவன் பங்கில் புல் நிற்கிறதோ அவன் எல்லோருக்கும் சாராயம் வாங்க வேண்டும், சாராயம் போகட்டும், அடுத்த வசந்தம் வரை அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். நான் சாராயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு முதுகுவலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் ஹின்ரிக் இப்போது வாய்க்கால் தலைவன். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஊர் என் வாய்க்காலைப் பார்த்துச் சிரிப்பதை அவன் பொறுக்கவில்லை. மேட்டா சுட்ட கேக்கை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வாய்க்காலப் பத்திக் கவலப்படாதீங்கண்ணே, மெசின வுட்டு வழிச்செடுத்துட்டேன், தட்டு மாதிரி இருக்கு. எவனோ பலகையெல்லாம் தூக்கி உள்ள போட்டிருக்கான், களவாணிப் பய, அதையும் பிடுங்கிப் போட்டாச்சு" என்றான். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். நான் சட்டையைத் தேடினேன். "என்னண்ணே, வாய்க்காலப் பாக்கவா? நாளைக்கிப் பாக்கலாம், அது எங்க ஓடிடப் போகுது" என்றான். தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். இப்போது சொல், நான் எழுந்து வந்தது தப்பா.

வந்து பார்த்தால் கூட்டைச் சுற்றிச் சேறு கறுப்பாக வெளியே தெரிகிறது. பறவை எழவில்லை, உட்கார்ந்தே இருந்தது. கிட்டே போகவும் முடியாது, அது எழுந்தால் காகம் முட்டையைக் கொத்திவிடும். ஹின்ரிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "விடுதியில மேசையத் தட்டுனது நீங்கதான அண்ணே?" என்றான். மண்வெட்டியை எடு என்றேன். நான் குனியக் கூடாது என்பதால் கரையில் நின்று சொன்னேன், அவன் இறங்கிப் பலகையைத் திரும்ப நட்டுக் கரிமண் கட்டியை வைத்து மிதித்தான். போன தண்ணீர் திரும்ப வரவேண்டுமே, கிழக்குக் காற்று, மழையே இல்லை. கீழ்ப் புல்வெளியின் தண்ணீரை நம் பம்பு கால்வாயில் கொட்டுகிறதல்லவா, அந்தக் குழாயைத் திருப்பிச் சேற்றுக்குள் விட்டோம். தண்ணீர் விரல் விரலாக ஏறியது. நரியின் கால்தடம் மேட்டுப் பக்கம் ஹீதர் புதர் ஓரம் வரைக்கும் வந்து நின்றிருந்தது, அதற்கு மேல் இல்லை.

அன்ட்யே வந்தாள். வழித்த வாய்க்காலையும் குழாயையும் பார்த்தாள். மடை அங்கே இருப்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்பதால் யார் பிடுங்கியது என்று அவள் கேட்கவே இல்லை. "வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கல ஐயா. போதாததுக்கு வயல் தண்ணிய வேற விட்டிருக்கீங்க, உரம் கலந்தா பாசி செத்துடும்" என்றாள். அந்தப் புல்வெளியில் உரம் போட்டு வருடக்கணக்காகிறது, அதையும் அவள் கேட்கவில்லை. ஹின்ரிக் வாயைத் திறந்தான், நான் அவன் பூட்ஸை மிதித்தேன். என் மானத்துக்காகச் செய்தவனை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன். காப்பகத்தின் ஹீதர் மேட்டில் ஆடு மேய்க்கும் அனுமதியை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மேடு இல்லையென்றால் ஆட்டை விற்க வேண்டியதுதான். அப்படியும் ஹின்ரிக்கின் பூட்ஸிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.

ஆனால் ஹின்ரிக்குக்குத் தூக்கம் வரவில்லையாம். என்னைக் கேட்காமலே அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். திரும்பி வந்து விடுதியிலும் சொன்னான். அன்ட்யே மன்னிப்புக் கேட்க வந்தாள், ஆட்டுக்குப் பழையபடியே அனுமதி என்றாள், காபி கொடுத்தேன், அவளுக்கு எதிரே உட்காரவில்லை. ஊர்க்காரர்கள் இப்போது என்னைக் கண்டால், "என்ன கொக்கப்பா, இன்னும் அடை காக்குறீங்களா?" என்கிறார்கள். ஹின்ரிக்கோடு எனக்குப் பேச்சு இல்லை. மேட்டாவோடு பேசுகிறேன், அவன் கேட்க வேண்டியதை அவளிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று விடியற்காலம் இரண்டு பெரிய பறவைகளும் கூட்டைவிட்டு இறங்கி வந்தன. நடுவில் ஒரு குஞ்சு, செம்பழுப்பு, கோழிக்குஞ்சுக்குக் கால் நீண்டது மாதிரி. மற்ற முட்டை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வாய்க்காலை நீந்தித் தாண்டி நம் கீழ்ப் புல்வெளிக்குள் போய்விட்டன. நேற்று முன்தினம் பெய்த மழையில் புல்வெளி நனைந்து கிடக்கிறது, புழுவும் பூச்சியும் நிறைய. இன்று காலையும் அங்கேதான் நிற்கின்றன. அன்ட்யே நேற்றுச் சாயங்காலம் தொலைநோக்கியோடு வந்து பார்த்துவிட்டு, இப்போதாவது புல்வெளிக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். வைக்கோலுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, முதல் அறுப்பு போய்விட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பம்பையும் போடப்போவதில்லை.

கடவுள் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். வெயிலில் ரீகேயைத் தொப்பி இல்லாமல் விடாதே. மேட்டாவிடம் பேசும்போது நான் ஹின்ரிக்கைப் பற்றிக் குறையாக எழுதியதாகச் சொல்லாதே, நல்லதாக எழுதியதாகவும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஹார்ம் ஓல்ட்மான்