கப்பலின் பெயரை எழுத மாட்டேன்

என்னைப் பார்க்காமலே போன என் அய்யாவுக்கு,

நான் பேச்சியம்மாள். ஆத்தா வயிற்றில் நான் இருக்கும்போதுதான் நீங்கள் ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயாவுக்குக் கப்பலேறினீர்கள். இன்று எனக்கு எண்பது தாண்டிவிட்டது. நீங்கள் முப்பதைக்கூடத் தொடவில்லை. அதனால் நான் கொஞ்சம் அதட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய வாய் வேறு.

உங்களைப் பற்றி நம் கம்பம் ஊரில் ஒரே ஒரு கதைதான் உண்டு. ஜப்பான்காரன் சண்டை முடிந்து சிலர் மலாயாவிலிருந்து திரும்பினார்கள், நீங்கள் திரும்பவில்லை. "அங்கன ஒருத்தியக் கட்டிக்கிட்டு இருந்துட்டாக" என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அவ்வளவுதான், ஆத்தா ஓடிப்போனவன் பெண்டாட்டி ஆகிவிட்டாள். குழாயடியிலும் அந்தப் பேச்சு, கல்யாண வீட்டிலும் அந்தப் பேச்சு. ஆத்தா யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டாள். காலையில் குளித்துக் குங்குமம் வைத்து, தலையில் துளி பூவும் வைத்துக்கொண்டு களையெடுக்கப் போய்விடுவாள். கடைசியில் தாலியோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வைகாசியில் மலேசியாவிலிருந்து ஆரோக்கியசாமி என்று ஒருவர் வந்தார். உங்கள் கூட்டாளி சவரிமுத்துவின் மகன். தன் அப்பா பிறந்த ராயப்பன்பட்டியைப் பார்க்க வந்தவர், விசாரித்து விசாரித்து என் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டார். சவரிமுத்துவுக்கு எழுதத் தெரியாதாம். ஊர் திரும்பவும் அவருக்கு வாய்க்கவில்லை. மகனிடம் மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எங்கப்பாவும் சுருளியாண்டி பெரியப்பாவும் ஒரே தோட்டம்மா. ஜப்பான்காரன் வேலைக்கு ஆளுங்களப் பிடிச்சுக்கிட்டுப் போனான். ஏத்துறதுக்கு வேற கப்பல் மிச்சம் இல்லாம, சண்டைக் கப்பல்லயே ஏத்திட்டான். விடியக்காலையில நீர்மூழ்கி அடிச்சுது. கப்பல் ரெண்டாப் போச்சு. அப்பா ஒரு பலகையப் பிடிச்சு மிதந்தாரு. பெரியப்பா கீழ்த்தட்டுல இருந்தாரும்மா. மேல வரவே இல்ல."

நான் அழவில்லை அய்யா. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் அவர் தன் போனை எடுத்துக் காட்டியதும் இன்னும் ஏறியது.

சவரிமுத்து அந்தக் கப்பலின் பெயரை மறக்கவே இல்லையாம். அதை வைத்து மகன் தேடி எடுத்திருக்கிறார். அந்தக் கப்பலுக்கு ஒரு ஜாதகமே இருக்கிறது! எங்கே கட்டினார்கள், எத்தனை பீரங்கி, என்ன வேகம், யார் யார் கேப்டன். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது, தீவுகளில் மாட்டிக்கொண்ட படைக்கு அரிசி கொண்டுபோனது, குண்டடி பட்டுப் பழுதுபார்த்துத் திரும்பி வந்தது, மூழ்கிய வேறொரு கப்பலின் ஆட்களைத் தூக்கிக் காப்பாற்றியது. ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கப்பல்களுக்குக் காற்று, பனி, அலை என்று அழகழகாகப் பெயர் வைப்பார்களாம். தமிழில் நாசகாரிக் கப்பல் என்கிறோம், நாம் வைத்ததுதான் சரி.

கடைசிப் பயணத்துக்கு ஒரே வரி. படைவீரர்களும் சரக்கும் ஏற்றிச் சென்றபோது மூழ்கியது. ஆரோக்கியசாமி அந்த வரியை நிதானமாகத் தமிழில் சொன்னார். என் அய்யா இதில் வீரரா, சரக்கா என்று நான் அவரைக் கேட்டேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சரக்கு! என் அய்யா சரக்கு!

அதில் செத்த ஜப்பான்காரப் பிள்ளைகளுக்கும் ஆத்தாமார் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறதாம், இருக்கட்டும். பிடித்துக்கொண்டுபோய்க் கீழ்த்தட்டில் அடைத்தவர்களுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா? உங்கள் பெயரை எழுதாதவர்களின் கப்பல் பெயரை நான் மட்டும் எதற்கு எழுத வேண்டும்? எழுத மாட்டேன்.

ஆனால் அவர்கள் எங்கோ இருப்பவர்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள், கேளுங்கள். ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போனோம். உங்கள் தம்பி மகன் முருகேசன்தான் வருசாவருசம் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுவான். உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.

"மலேசியாக்காரரு சொன்னாருன்னா ஆச்சாக்கா? ஒரு ஆதாரம் வேணாமா?"

"ஏலே முருகேசா, ஓடிப்போனாகன்னு ஊரே சொல்லுச்சே, அதுக்கு எவன்டா ஆதாரம் கேட்டீக?"

எள்ளை அவன் கையிலிருந்து வாங்கி நானே தண்ணீரில் இறங்கினேன். பொம்பளை செய்யலாமா என்று கரையில் முணுமுணுப்பு கேட்டது. சுருளியாண்டி, சுருளியாண்டி, சுருளியாண்டி என்று அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். இந்தத் தண்ணி முல்லையாற்றில் விழுந்து வைகையில் சேர்ந்தாலும் கடல்வரை போவது அபூர்வம் என்று பிள்ளைகளுக்கு நடத்தியவளே நான்தான். போகிறவரைக்கும் போகட்டும் என்றுதான் விட்டேன்.

திரும்பி வரும்போது வேனில் முருகேசன் பெண்டாட்டி மெதுவாகக் கேட்டாள். "மதினி, பெரிய மாமா அப்பவே போய்ட்டாகன்னா, பெரியத்தை அம்புட்டு வருசமும் பூவும் பொட்டுமா இருந்தது தப்புல்ல?"

உங்களை மீட்கப் போய் ஆத்தாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா? ஓடிப்போனவனுக்குப் பெண்டாட்டி என்றால் பூ வைக்கலாம், கடலில் செத்தவனுக்குப் பெண்டாட்டி என்றால் வைக்கக் கூடாதா? உயிரோடு இருந்தபோது ஏசிய வாய், செத்த பிறகும் அவளை விடாதா? வீட்டுக்கு வந்தும் நெஞ்சு ஆறவில்லை. உங்களை நம்பி ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள், அய்யா. நீங்கள் அவளை விட்டுப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் தினமும் நெற்றியில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

தை அமாவாசைக்கு மறுபடி சுருளிக்கு வருகிறேன். முதலில் உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுவேன். பிறகு அதே தண்ணீரில், அதே இடத்தில், ஆத்தா பெயரைச் சொல்லி ஒரு முழம் மல்லிகையும் குங்குமமும் விடுவேன். கூடாது என்று எவள் வருகிறாள் பார்க்கிறேன்.

உங்களைவிட மூத்துப்போன மகள்,
சுருளியாண்டி வீரம்மாள் பேச்சியம்மாள்
கம்பம்