யாரும் விழாத மலை

ஜனவரி 4
ஆஸ்பத்திரியில் இன்று மட்டும் ஒன்பது பேருக்கு மாவுக்கட்டு போட்டேன். அதில் ஆறு பேர் பனிச்சறுக்கில் விழுந்தவர்கள். வீட்டுக்கு வந்தால் மகளும் அதையே ஆரம்பிக்கிறாள். "பிப்ரவரி லீவுக்குப் பனிச்சறுக்கு போலாம்மா. கிளாஸ்ல போகாதவ நான் ஒருத்திதான்." அவள் முடிக்கும் முன்னே வேண்டாம் என்றேன். பழக்கதோஷம்.

ஜனவரி 5
"இந்த வீட்ல மூச்சு விடக்கூட உன்னைக் கேக்கணும். மார்ச்லருந்து அத்தை வீட்ல இருந்துக்கறேன். அத்தை சரின்னுட்டாங்க" என்கிறாள்.
நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! இவள் அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பதினாறு வயசில் இவளும் கிளம்பிவிட்டால் நான் யாரிடம் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவேன்?

ஜனவரி 6
போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

ஜனவரி 13
இடம் தேடுவது என் பொறுப்பு. புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றதாகவும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவதாகவும் இருக்க வேண்டும். பெரிய மலையில் பயிற்சிக்கும் வாடகை பூட்ஸுக்கும் கேட்கிற தொகைக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஏரி மலை கொஞ்சம் மலிவு, ஆனால் சரிவு செங்குத்து. அதனால் கட்டுப் போட வருகிறவர்களையே விசாரிக்கிறேன் — எந்த மலை, எந்தச் சரிவு, எப்படி விழுந்தீங்க? கை உடைந்து முனகுகிறவரிடம் "பூட்ஸ் வாடகை எவ்வளவுங்க?" என்றதும் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜனவரி 20
கிடைத்துவிட்டது. பஸ் போகிற சின்னக் குன்று. எல்லாம் சேர்த்துப் பாதிச் செலவு. இரண்டு வாரத்தில் அங்கிருந்து உடைந்த ஒரு கை, ஒரு கால்கூட என்னிடம் வரவில்லை.

ஜனவரி 22
அங்கே விழுகிறவர்களை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். என் புத்தியை என்ன சொல்ல!

அது போதாதென்று, எந்த மலையில் யாருக்கு என்ன உடைந்தது என்று நான் எழுதிவைத்த பட்டியலை மகள் பார்த்துவிட்டாள். ஏரி மலை: மணிக்கட்டு நாலு, முழங்கால் இரண்டு. "நீ எனக்கு இடம் தேடல, ஆஸ்பத்திரி தேடற" என்று அழுதாள். உண்மைதானே?
"சரிடி, நீயே சொல்லு" என்றேன். அதே குன்றைக் காட்டினாள். செலவு கம்மியாம்.

பிப்ரவரி 12
இரண்டு நாளில் அவள் முப்பது தடவை விழுந்தாள், முப்பது தடவையும் சிரித்தாள். நான் விழுந்தது ஒரே தடவை. அதுவும் அடிவாரத்தில், சும்மா நின்றுகொண்டிருந்தபோது. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவள்தான் என் பூட்ஸைக் கழற்றிவிட்டாள்.

பிப்ரவரி 14
எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. வெறும் சுளுக்கு, துணிக்கட்டே போதும். நர்ஸ் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒற்றைக் கையால் நானே மாவுக்கட்டு போட்டுக்கொண்டேன்.
வீட்டில் மகள் பதறினாள். "எத்தனை நாளைக்கும்மா?"
"ஆறு வாரம்."
உடனே போனை எடுத்தாள். "இப்ப வர முடியாது அத்தை, அம்மாவுக்குக் கை முடியல."
சீ, நானும் ஒரு மனுஷியா? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கழற்றவில்லை.

பிப்ரவரி 19
கட்டுக்குள் ஒரே அரிப்பு.

பிப்ரவரி 27
எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டாள். "சுளுக்குக்கெல்லாம் மாவுக்கட்டு போடுவாங்களாம்மா?"
எக்ஸ்ரே கவர் டிராயரில்தான் கிடந்தது. எடுத்து ரிப்போர்ட்டைப் படித்திருக்கிறாள். அவள் பின்னி முடித்தாள்.
"கழட்டிடும்மா. ராத்திரியெல்லாம் சொறியற."
"அப்போ... அத்தை வீடு?"
"வரவே போறதில்லைன்னு போன வாரமே சொல்லிட்டேன். நீயா எப்ப சொல்வேன்னு பாத்துட்டிருந்தேன்."