வேலை நேரத்து மகன்

மாரா வாசல்
4 ஜூன் 2000

அன்புள்ள சிலாந்தோய்,

நானும் மாடுகளும் நலம் என்றுதான் நம்மவர்கள் கடிதத்தைத் தொடங்குவார்கள். மாடுகள் வறட்சியில் போய்விட்டதால் நான் மட்டும் நலம்.

வேலை கிடைத்துவிட்டது. மாரா சரணாலயத்தில் விலங்கு பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் நம் மாசாய் இனத்து ஊர் ஒன்றையும் பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்காகத் தாஜியு என்பவர் ரோட்டோரத்தில் ஓர் ஊரே கட்டி வைத்திருக்கிறார். இங்கே யாருக்கும் வீடு இல்லை. எல்லோருக்கும் வேலை உண்டு. நான் போர்வீரன், அதாவது சடை வளர்த்த இளவட்டம். கல்யாணமாகித் தலை மழித்துப் பெரியவர்கள் வரிசையில் உட்கார்ந்த ஆள், கம்பளி நூலில் பின்னிய சடையை மாட்டிக்கொண்டு விருந்தாளிகள் முன் குதித்து ஆடுகிறேன். மாடுகள் காலையில் வாடகைக்கு வருகின்றன. சாணமும் ஈயும் இல்லாவிட்டால் விருந்தாளிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

விருந்தாளி தரும் பணத்தில் பெரும்பகுதி வேன் ஓட்டுநரின் சட்டைப் பையில் தங்கிவிடுகிறது. கேட்டால் வண்டி பக்கத்து ஊருக்குப் போய்விடும், அங்கேயும் குதிக்கிறார்கள். ஓட்டுநருக்கும் சம்பளம் கிடையாதாம். அவன் முதலாளியோ, பயணத்துக்கான பணம் வெளிநாட்டிலேயே கட்டப்பட்டு அங்கேயே இருக்கிறது என்கிறார். மேலிருந்து கீழ்வரை யாரும் திருடர் இல்லை. பணம்தான் இல்லை.

உன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். சுற்றுலா விடுதியில் கணக்கெழுதுகிறேன் என்று சொல்.

உன்
கசைனே


நாரோக்
19 ஜூன் 2000

அன்புள்ள கசைனேக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு விடுதியில் யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவளின் கணவர் பொய்ச் சடையோடு குதிக்கிறார் என்று தெரிந்தால் நானும் இங்கே வேடிக்கைப் பொருளாகிவிடுவேன்.

அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஊரிலேயே இல்லை. பாசிமணி கோக்கும் பெண்கள் குழு ஒன்றோடு எங்கோ போயிருக்கிறாள் என்று தம்பி எழுதியிருக்கிறான். அவளுடைய கடைசிப் பசுவும் மே மாதம் விழுந்துவிட்டதாம். மருமகன் மாமியார் வீட்டுக்குள் நுழையக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் நம் வழக்கம். தம்பி கையில் ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தனுப்பக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொன்னதாக நினைவில்லை.

உங்கள்
சிலாந்தோய்


மாரா வாசல்
11 ஜூலை 2000

சிலாந்தோய்,

இதை நான் சொல்லித்தான் நீ அறிய வேண்டும். வேறு யார் சொன்னாலும் கேட்கச் சகிக்காது.

குடும்பம் இருந்தால்தான் விருந்தாளிகள் நம்புகிறார்கள் என்று தாஜியு தொலைவிலிருந்து ஆறு பெண்களை அழைத்து வந்து வீட்டுக்கு ஒருவராக உட்காரவைத்தார். போர்வீரன் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போக வேண்டும். அடுப்பருகே இருப்பவரைக் காட்டி, "இது என் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் போனேன். நம் வீடுகளின் வாசல் எவ்வளவு குறுகல், எப்படி வளையும் என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நான்கு பெரிய உடம்புகள். உள்ளே ஒரு பெண் என்னைக் கண்டதும் போர்வையை முகத்தில் இழுத்துவிட்டார். உன் அம்மாவின் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை. மூடிய வேகத்தில்தான் யாரென்று தெரிந்தது. உலகத்தில் என்னைக் கண்டு அப்படி மூடிக்கொள்ள ஒருவர்தான் இருக்கிறார்.

திரும்ப வழியில்லை. இது யார் என்று கேட்டார்கள். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டால் படம் நன்றாக இருக்கும் என்றார்கள். நான் அடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அப்போது போர்வைக்குள்ளிருந்து நம் மொழியில் மெதுவாக ஒரு குரல்:

"பக்கத்துல வந்து உக்காருப்பா. வண்டி அடுத்த ஊருக்குப் போயிட்டா எங்க ஆறு பேருக்கும் இன்னைக்குச் சோறு இல்ல."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. உட்கார்ந்தேன். அவர் போர்வையை விலக்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன ஒரு பாசம் என்று, படம் எடுத்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கசைனே


நாரோக்
30 ஜூலை 2000

கசைனேக்கு,

அம்மா இங்கே வந்து ஓர் இரவு தங்கினாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"உம் புருஷன்லாம் வரலடி. எவனோ சடை வெச்ச பொடியன் வந்தான். உள்ள ஒரே புகை, எனக்கு ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படி நடந்துவிட்டால் மருமகன் ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுவந்து கட்ட வேண்டும்; அப்போதுதான் மாமியாரின் மானம் திரும்பும். அவள் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். அதுவரை உங்கள் பெயரை அவள் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிலாந்தோய்


மாரா வாசல்
2 செப்டம்பர் 2000

அன்புள்ள சிலாந்தோய்,

கிடாரிக்கு வழி தேடினேன். வழி ஒன்றுதான் இருந்தது.

அந்தப் படம் வெளிநாட்டில் ஏதோ பத்திரிகையில் வந்துவிட்டதாம். ஓட்டுநர்கள் இப்போது 'அம்மா–மகன் வீடு' எது என்று கேட்டே வருகிறார்கள். பக்கத்து ஊருக்கு வண்டியே போவதில்லை. நாங்கள் இருவரும் தினமும் உட்கார்ந்தால் இரட்டைக் கூலி என்றார் தாஜியு. உன் அம்மாவிடம் தனியாகக் கேட்டார், என்னிடம் தனியாகக் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது முறையில்லாததால் தனித்தனியாகவே சம்மதித்தோம்.

வழக்கத்தை விட்டுவிட்டோம் என்று நினைக்காதே. கடைசி வண்டி போனதும் அவர் என்னைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்; நானும் சுற்று வழியில் நடக்கிறேன். வேலை நேரத்தில்தான் அவர் என் தலையைத் தடவி "எம் மவன்" என்கிறார்.

கூலி சேர்ந்தால் கிடாரி வாங்கலாம். ஆனால் தினம் ஒரு கிடாரிக்கான குற்றம் நடக்கிறது. நான் கணக்கெழுதுகிறவன் இல்லை என்றாலும் இது எனக்குப் புரிகிறது. விட்டுவிடு என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் விட்டுவிடுகிறேன். அந்த ஆறு பெண்களுக்கும் என்ன சொல்வது என்பதையும் சேர்த்து எழுது.

உன்
கசைனே


நாரோக்
21 செப்டம்பர் 2000

கசைனேக்கு,

கிடாரி வேண்டாம். அந்த ஆறு பேருக்கும் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

என் கணவரும் என் அம்மாவும் அருகருகே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் இனத்தில் எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. அயலார் பார்த்துவிட்டார்கள். எனக்கும் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

விடுமுறையில் வருகிறேன். மகளாகவோ மனைவியாகவோ வந்தால் நீங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவீர்கள். அதனால் விருந்தாளியாக ஒரு வேனில் இடம் சொல்லியிருக்கிறேன். உள்நாட்டுக்காரர்களுக்குப் பாதிக் கட்டணம் என்றான் ஓட்டுநர். முழுக் கட்டணமே தருவதாகச் சொல்லிவிட்டேன்.

நான் குனிந்து உள்ளே வரும்போது அம்மா முகத்தை மூடிக்கொண்டால் நீங்கள் சிரிப்பை நிறுத்திவிடாதீர்கள். கூட வருகிறவர்களும் பணம் கொடுத்திருப்பார்கள்.

சிலாந்தோய்