கண்ணாடி பீரோவின் கறுத்த ஓரம்

அக். 10, வியாழன்

மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது. காலை ஷிப்ட். கார் கண்ணாடிகளை எட்டு மணி நேரம் விளக்கில் காட்டிக் கீறல் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பீரோ கண்ணாடியில் ஐந்து விரல் எண்ணெய். புருஷன் தினேஷின் கைதான். கேட்டதற்கு, "சாஞ்சி நின்னு ஷூ மாட்னேன். அதுக்கு இன்னா?"

பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன்:

- காய்ந்த துணி மட்டும். ஈரம் கூடாது.
- திருநீறு போட்டுத் தேய்க்கக் கூடாது.
- ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் கொலை.
- கதவை அறைந்து சாத்தக் கூடாது.

யாரும் படிக்கப் போவதில்லை.

காதல் கல்யாணம். அம்மா வீட்டிலிருந்து ஒரு தட்டுகூட வரவில்லை. சீர் இல்லாமல் வந்தவள் என்று மாமியார் நாலு வருஷம் சொல்லிக் காட்டினார். ஓ.டி. பார்த்து இந்தப் பீரோவை நானே வாங்கினேன். மூன்று கதவு, மூன்றிலும் ஆளுயரக் கண்ணாடி. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே பொருள். அதனால்தான் ஆடி மாசம் கண்ணாடிகளின் ஓரம் முழுக்க சிலிக்கான் பசை அடித்தேன், ஈரம் இறங்காமல் இருக்க. பாத்ரூமுக்கு வாங்கியதில் மிச்சம்.

அக். 11, வெள்ளி. ஆயுத பூஜை

லீவு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மாமியார் எல்லாவற்றையும் கழுவி முடித்துவிட்டார். பைக், மிக்ஸி, அடுப்பு, அந்த வரிசையில் என் பீரோ! மக்கில் மொண்டு ஊற்றி, கதவுக்குக் கதவு சந்தனம், குங்குமம். ஓடிப்போய்த் துடைத்தேன். கீழ் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. கண்ணாடிக்குப் பின்னால். தேய்த்தால் போகவில்லை.

"யாரக் கேட்டு அத்த தண்ணி ஊத்துனீங்க?"

"வருசத்துல ஒரு நாளு. கண்ணாடின்றது லட்சுமி. இத மட்டும் கழுவாம வுட சொல்றியா?"

"என் பொருள்ல கை வெக்க நீங்க யாரு?"

அடுப்பில் சுண்டல் தீய்ந்தது. யாரும் சாப்பிடவில்லை.

அக். 12, சனி

வெயில். மாமியார் பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தார். பிள்ளைப்பாக்கத்தில் மகள் வீடு. "நான் யாருன்னு கேட்டுட்டா இல்ல? அது போதும்டா. இனிமே இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்."

தினேஷ் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி: "ஒரு பீரோவுக்கா?"

ஆமாம், பீரோவுக்குத்தான். இட்லி மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

அக். 14, திங்கள்

கேன்டீனில் சாம்பார் சாதம். அப்பளம் இல்லை. கம்பெனியில் பசை தடவும் பிரிவில் இருக்கும் சரளாவிடம் மாமியாரைத் திட்டித் தீர்த்தேன். அவள் மென்றுகொண்டே கேட்டாள்:

"ஓரத்துல இன்னா அடிச்சிகீற?"

"சிலிக்கான்."

"அடிக்க சொல்ல புளிச்ச வாட வந்துச்சா?"

"ஆமா."

"அடிப்பாவி! அந்த மாரி பசை கண்ணாடிக்குப் பின்னாடி கீற வெள்ளிப் பூச்சத் தின்னுடும்டி. நம்ம லைன்ல குடுக்கறது வேற."

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். மேல் ஓரமும் கறுத்திருக்கிறது. பசை போன இடமெல்லாம், விரல் அகலத்துக்கு. மாமியாருக்கு எட்டாத உயரம். மக்குத் தண்ணீர் படாத இடம். நான்தான். மூன்று கதவையும் நானே உட்கார்ந்து, நிதானமாக, அழகாக. ஊரான் கண்ணாடியில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். த்தூ.

தினேஷிடம் சொல்லவில்லை.

அக். 15, செவ்வாய்

கொட்டுகிறது. கம்பெனி பஸ் வரவில்லை. மன்னிப்பை நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மாமியாருக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவரே ஆரம்பித்தார்:

"நான் பண்ணது தப்பும்மா. நீ ஆசையா வாங்குன பொருளு. தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன். சோறே எறங்கல எனக்கு. இனிமே அதும் பக்கமே வர மாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"சரி வுடுங்க அத்த. மழ வுட்டதும் வந்துடுங்க."

நான் அவரை மன்னிக்கிறேனாம்.